முழவொலியின் மறை கண்ட இராமன்

தோற்றுவாய்

செஞ்சிக் கோட்டைக்கு அணித்தேயுள்ள தொண்டூர் எம் பிறந்த ஊர். சென்ற கோடை விடுமுறையில் யாம் ஊரில் இருந்த காலை, எங்கள் ஆலயத்துப் பாடற்குழுவினரின் மிருதங்கம் பழுதுற்றது. வலந்தலையின் நடுவே வட்டமாக விளங்கும் கருஞ்சாந்து வெடித்துப் பெயர்ந்தமையால், தட்டினால் வெற்றோசை எழுந்ததேயன்றி நாதம் எழவில்லை. அதனைச் செப்பஞ்செய்ய முதியவர் ஒருவர் வரவழைக்கப்பெற்றார். அவர் திண்ணையில் அமர்ந்து, கரிய கல்லின் பொடியைச் சோற்றோடு பிசைந்து, சிறிது சிறிதாக எடுத்துத் தோலின்மேல் மெல்லிய வட்டமாகப் பூசி, வழவழப்பான கல்லொன்றால் தேய்க்கத் தொடங்கினார். தேய்த்தபின் விரலால் ஒரு தட்டு. செவியைச் சாய்த்து ஒரு கணம் கேட்டல். மீண்டும் ஒரு பூச்சு. நண்பகல் தொடங்கி மாலை மயங்கும்வரை இதுவே அவர் செயல். அவரிடம் அளவுகோல் இல்லை, கணக்கேடு இல்லை, செவியும் கையுமே உண்டு.

எம் சிற்றப்பாவின் மகன் பொறியியல் பயில்பவன். அவன் ஒலியைப் பகுத்துக் காட்டும் செயலியொன்றைத் தன் கைப்பேசியில் திறந்து மிருதங்கத்தின் பக்கலில் வைத்தான். வேலை தொடங்குமுன் தட்டியபோது திரையில் எழுந்த முகடுகள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடந்தன. அந்திப்பொழுதில் வேலை முடிந்தபின் தட்டியபோதோ, அம்முகடுகள் ஏணியின் படிகளேபோல ஒத்த இடைவெளியில் நின்றன. வியப்புற்ற தம்பி அதனை முதியவர்க்குக் காட்டினான். அவர் ஒருமுறை நோக்கிப் புன்முறுவல் செய்து, அதனைத்தான் தாம் பகலெல்லாம் கேட்டுக்கொண்டிருந்ததாகக் கூறித் தம் கருவிகளை எடுத்துவைக்கலானார்.

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் எமக்குக் கணக்கென்றால் அச்சமே. ஆயினும், சோறும் கற்பொடியும் சேர்ந்த ஒரு பூச்சு, சிதறிய ஒலியை எங்ஙனம் ஒழுங்குபடுத்திற்று என்னும் வினா எம்மை விட்டு நீங்கவில்லை. கல்லூரி திறந்ததும் நூல்நிலையத்திற் புகுந்து தேடினோம். அவ்வினாவுக்கு அறிவியல் முறையில் விடை கண்டவர், ஒளியாராய்ச்சியால் உலகப் புகழ் எய்திய சர் சி. வி. இராமன் அவர்களே என்று அறிந்து பெருவியப்புற்றோம். ஒளிபற்றி அவர் ஆற்றிய பணியை அறியாதார் இலர். ஒலிபற்றி அவர் ஆற்றிய பணியை அறிந்தாரோ சிலரே. ஆகலின் அதனையே முதன்மையாகக் கொண்டு அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

பிறப்பும் கல்வியும்

சந்திரசேகர வேங்கட இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த திருவானைக்காவிற் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். தந்தையார் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் ஆசிரியர். வயலின் வாசிப்பதிலும் ஈடுபாடு மிக்கவர். விசாகப்பட்டினத்துக் கல்லூரியொன்றில் அவர்க்கு வேலை கிடைத்தமையால், குடும்பம் அவ்வூர்க்குக் குடிபெயர்ந்தது. ஒரே வீட்டில் கணக்கும் வயலினும் ஒருங்கே ஒலிக்கக் கேட்டு வளர்ந்த பிள்ளை, பின்னாளில் அவ்விரண்டையும் பிணைத்த அறிஞராக விளங்கியதில் வியப்பென்ன?

இராமன் 11ஆம் வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து, 1904இல் பி.ஏ. தேர்வில் முதல்வராகத் தேறிப் பௌதிகத்திற்குரிய பொற்பதக்கமும் பெற்றார், 1907இல் எம்.ஏ. பட்டம் எய்தினார். மாணவராயிருந்தபொழுதே, 1906இல், ஒளிக்கதிர் நெறிபிறழ்தல்பற்றி அவர் எழுதிய கட்டுரை இலண்டனிலிருந்து வெளிவந்த புகழ்பெற்ற இதழொன்றில் அச்சேறிற்று.

தம் உள்ளத்தை உருவாக்கிய நூல்கள் மூன்றென்று அவர் பிற்காலத்திற் கூறியதுண்டு. ஒன்று புத்தர்பிரான் வரலாற்றைப் பாடும் ஆசிய ஜோதி. மற்றொன்று யூக்ளிடின் வடிவகணிதம். மூன்றாவது ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட, சுர உணர்ச்சியைப் பற்றிய பெருநூல். இம்மூன்றாம் நூலே நம் கதைக்கு வாயில்.

பூரியேயும் ஹெல்ம்ஹோல்ட்ஸும்

அந்நூலின் அடித்தளத்தை அறிய வேண்டின், பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் ஜோசப் பூரியேவைச் சிறிது நினைத்தல் வேண்டும். 1768இல் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்தவர் அவர். வெப்பம் பொருள்களிற் பரவும் முறையை ஆராயப் புகுந்து, எத்துணைச் சிக்கலான அலையையும் எளிய அலைகள் பலவற்றின் கூட்டாகப் பிரித்துவிடலாம் என்னும் உண்மையைக் கண்டார். 1807இல் அவர் அதனைப் பாரிஸ் அறிஞர் கழகத்தின்முன் வைத்தபோது லக்ராஞ்சு போன்ற பெரியோர் ஒப்பவில்லை. பூரியே தளர்ந்தாரல்லர், 1822இல் தம் நூலை வெளியிட்டார்.

ஒரு கதம்ப மாலையைப் பிரித்து, முல்லை இத்தனை, மரு இத்தனை, கனகாம்பரம் இத்தனை என்று எண்ணுதல் போன்றது அவர் கண்ட முறை. வயலினில் ஒரு சுரத்தை இசைக்கின், அதன் அடிப்படை அதிர்வெண் நொடிக்கு 200 எனக் கொள்வோம். அதனோடு 400, 600, 800 என்றவாறு இருமடி, மும்மடி, நான்மடியான கிளைச்சுரங்களும் உடன் எழும். அக்கிளைச்சுரங்களின் வலிமை வேறுபாட்டினாலேயே வயலினை வயலினென்றும் குழலைக் குழலென்றும் நம் செவி பகுத்தறிகின்றது. இதனை உள்ளீடற்ற உருண்டைகளைச் செவியிற் பொருத்திக் கேட்டு மெய்ப்பித்தவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். மேனாட்டிசைக் கருவிகளை அவர் ஆராய்ந்தார். நம் நாட்டு வீணையும் தம்புராவும் மிருதங்கமும் ஆராய்வாரின்றிக் கிடந்தன. அக்குறையை நிறைவுசெய்யவே இராமன் தோன்றினார் எனலாம்.

அலுவலும் ஆராய்ச்சியும்

அக்காலத்தில் அறிவியலை நம்பி வாழ்தல் இந்தியர்க்கு அரிது. ஆதலின் இராமன் அரசாங்க நிதித்துறைத் தேர்வெழுதி அதனுள்ளும் முதல்வராகத் தேறினார். 1907இல் உலோகசுந்தரி அம்மையாரை மணந்தார். அம்மையார் வீணை பயின்றவர். அவ்வாண்டிலேயே தம் 18ஆம் வயதில் கல்கத்தா நகரில் துணைக் கணக்காயராக அமர்ந்தார்.

ஒருநாள் பௌபஜார் தெருவழியே செல்லுகையில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணிற்பட்டது. மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் அது. கருவிகள் இருந்தும் கையாள்வார் மிகுதியாக இல்லாதிருந்த அக்கழகத்தின் கதவுகள் இவ்விளைஞர்க்குத் திறந்தன. அன்றுதொட்டு, அலுவலுக்கு முன் விடியற்காலையிலும், அலுவலுக்குப்பின் இரவு நெடுநேரம் வரையிலும் அவர் அங்கேயே உழைத்தார். உதவிக்கு ஆசுதோஷ் டே என்பவர் ஒருவரே. பகலெல்லாம் அரசாங்கத்தின் வரவுசெலவைக் கணக்கிட்ட கை, காலையும் மாலையும் நரம்பின் அதிர்வைக் கணக்கிட்டது. இடையே இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பெற்றபோதும் அவர்தம் ஆராய்ச்சி முற்றும் நின்றிலது.

அக்காலத்து அவர் கட்டுரைகளிற் பெரும்பாலன ஒலியும் அதிர்வும் பற்றியனவே. இரவலர் ஏந்திப் பாடும் ஏக்தாராவைப் பற்றியும் 1909இல் அவர் எழுதினார். வயலின் குடும்பத்துக் கருவிகளில் சில சுரங்கள் மட்டும் அடங்காது ஊளையிடுவதுண்டு. கருவியின் உடல் நரம்போடு உடனதிர்ந்து அதன் ஆற்றலைக் கவர்வதால் அது நிகழ்கின்றதென்று 1916இல் விளக்கினார். 1918இல் வில்லால் இழுக்கப்படும் நரம்பின் இயக்கத்தை முழுமையும் கணித நெறியில் அமைத்து ஒரு பெருங்கட்டுரை வெளியிட்டார். மாந்தர் கை ஒருகால் அழுத்தியும் ஒருகால் தளர்ந்தும் இழுக்குமாதலின், பொறியொன்றையே வயலின் வாசிக்கச் செய்தார். அதில் வில் அசையாது நிற்கும். வயலினே முன்னும் பின்னும் சென்றுவரும். அழுத்தமும் விரைவும் அளவிற் குறையாது நிற்க, எஞ்சிய வேறுபாடுகளை அவர் தெளிவாக அளந்தார்.

1917இல் அவர் வாழ்வில் ஒரு திருப்பம் நேர்ந்தது. அசுதோஷ் முகர்ஜி அவர்களின் அழைப்பை ஏற்று, கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் பாலித் பேராசிரியராக அமர்ந்தார். அரசாங்க வேலையிற் கிடைத்த ஊதியத்தில் ஏறத்தாழப் பாதியே புதிய பதவியில் கிடைத்தது. உயர்பதவிகள் எதிரே காத்திருக்க, அவற்றைத் துறந்து, விரும்பிய தொழிலுக்காகக் குறைந்த ஊதியத்தை ஏற்றார். பட்டம் பெற்றவுடன் எவ்வேலை மிகுபொருள் தரும் என்று கணக்கிடும் நமக்கு இச்செயல் ஒரு பாடமாகுக.

தம்புராவும் மிருதங்கமும்

நரம்பைப் பற்றி மேனாட்டார் வகுத்த விதியொன்று உண்டு. ஒரு நரம்பை எவ்விடத்தில் மீட்டுகிறோமோ, அவ்விடத்தில் அசைவின்றி நிற்கவேண்டிய கிளைச்சுரங்கள் ஒலியா என்பதே அது. நடுவில் மீட்டினால் இரண்டாம், நான்காம் கிளைச்சுரங்கள் எழமாட்டா. இவ்விதி வீணையிலும் தம்புராவிலும் பொய்க்கக் கண்டார் இராமன். எழலாகாத அக்கிளைச்சுரங்களே அவற்றில் வலிமையோடு ஒலித்தன. அதற்குக் காரணம் குதிரையின் அமைப்பு. வயலினின் குதிரை கூரிய விளிம்புடையது. தம்புராவின் குதிரையோ அகன்று வளைந்தது. நரம்பிற்கும் குதிரைக்கும் இடையே ஜீவா என்னும் நூலிழையும் செருகப்படும். அதிரும் நரம்பு அவ்வளைவைத் தழுவியும் விலகியும் இயங்க, கிளைச்சுரங்கள் மீண்டும் மீண்டும் ஊட்டம் பெறுகின்றன. தம்புராவைச் சுருதிக்கு வைத்துப் பாடுவோர் கேட்டு மகிழும் அம்மணியோசையின் காரணம் இதுவேயாகும். இவ்வாராய்ச்சி 1921இல் வெளிவந்தது.

இனி, எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிய மிருதங்கத்திற்கு வருவோம். நரம்பின் கிளைச்சுரங்கள் 1, 2, 3, 4 என்று முழுவெண் மடங்காக நிற்கும். வட்டமாக விரித்துக் கட்டிய வெறுந்தோலோ அவ்வாறன்று. அதன் அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30 என்றவாறு செல்லும். அடிப்படை அதிர்வெண் 150 ஆயின், அடுத்தவை 239, 320, 344 என்றாகும். இவற்றுள் ஒன்றற்கொன்று பொருத்தமில்லை. பொருத்தமின்மையால் அவ்வொலியில் திட்டமான சுரம் தோன்றாது; முழக்கமே தோன்றும். எம் தம்பியின் திரையிற் சிதறி நின்ற முகடுகள் இவற்றை ஒத்தனவே.

மிருதங்கத்தையும் தபலாவையும் கேட்ட இராமன், அவற்றில் தெளிந்த சுரம் எழுவதை உணர்ந்து காரணம் தேடினார். 1920இல் சிவகாளி குமார் என்பாரோடு சேர்ந்து நேச்சர் இதழில் ஒரு குறிப்பு வெளியிட்டார். 1934இல் விரிவான கட்டுரை வரைந்தார். தோலின்மேல் நுண்மணலைத் தூவி, பலவாறு விரல்வைத்துத் தட்டினார். அசையும் இடங்களினின்று மணல் துள்ளி, அசையாத கோடுகளில் வந்து தங்கும். நேர்கோடுகளும் வட்டங்களுமாக அமைந்த அம்மணற்கோலங்களே தோலின் அதிர்வு வகைகளைக் கண்ணுக்குக் காட்டின.

அவர் கண்ட முடிவு இது. நடுவில் தடித்தும் விளிம்பில் மெலிந்தும் அடுக்கடுக்காகப் பூசப்பெற்ற கருஞ்சாந்தின் எடை, தோலின் முதல் ஒன்பது அதிர்வு வகைகளையும் இடம்பெயர்த்து, ஐந்தே சுரங்களாகத் தொகுத்துவிடுகின்றது. அவ்வைந்தும் 1, 2, 3, 4, 5 என்னும் முழுவெண் மடங்கில் நிற்கின்றன. எடுத்துக்காட்டாக 150, 300, 450, 600, 750. அஃதாவது, தோல் நரம்பின் இயல்பை எய்துகின்றது! ஏணிப்படிகளாக எம் தம்பியின் திரையில் நின்றவை அவையே. இதனைச் சோறும் கற்பொடியும் கொண்டு முன்னோர் நிகழ்த்தினர் என்பதை எண்ணி, அவர்தம் ஒலியறிவை இராமன் பெரிதும் போற்றினார்.

ஒலியினின்று ஒளிக்கு

1921இல் இராமன் இங்கிலாந்து சென்றார். அங்கே தூய பவுல் பேராலயத்தின் குவிமாடத்துள் மெல்லப் பேசும் சொல் எதிர்ப்புறத்தே கேட்கும் விந்தையை ஆராய்ந்தார். தாயகம் மீண்டு பீஜப்பூர்க் கோல் கும்பஸிலும் அவ்வாறே ஆராய்ந்தார். அப்பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் அவர் உள்ளத்தைக் கவர, ஒளிச்சிதறலில் புகுந்தார். 1924இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இராமன் விளைவு வெளிப்பட்டது. உடனுழைத்த கே. எஸ். கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றவர் என்பது மிஷன் கல்லூரி மாணவராகிய நமக்கு மகிழ்ச்சி தருவதொன்று.

அவ்விளைவு யாது? ஒரே நிறமுடைய ஒளியை ஒரு பொருளிற் பாய்ச்சினால், சிதறும் ஒளியில் சிறிது வேறான அதிர்வெண்களும் காணப்படும். அவ்வேறுபாடு அப்பொருளின் மூலக்கூறுகள் தாமே அதிரும் அதிர்வெண்ணைக் காட்டும். ஆராயின், மிருதங்கத்திற்கு அவர் செய்ததும் மூலக்கூறுக்குச் செய்ததும் ஒன்றே: அதிர்வுகளைப் பகுத்து, அவற்றால் பொருளின் அமைப்பை உணர்தல். 1930இல் நோபல் பரிசு அவரை அடைந்தது.

1933இல் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தின் இயக்குநரானார். 1934இல் இந்திய அறிவியல் அகாடெமியை நிறுவினார். மாந்தர் செவிக்கெட்டாத மிகையொலியலைகள் ஒளியை வளைக்கும் முறையை நாகேந்திர நாத்துடன் கணித்தார். 1948இல் தமக்கென ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். 1954இல் பாரத ரத்னா விருது பெற்றார்.

பெரியோர் வரலாற்றில் குறையை மறைத்தல் உண்மைக்கு இழுக்காகும். இராமன் பிறரோடு எளிதில் இணங்கிச் செல்லாதவர். பெங்களூரில் எழுந்த பிணக்குகளால் 1937இல் இயக்குநர் பதவியை விட நேர்ந்தது. மேலும், 1933இல் கமலா பாகவத் என்னும் மாணவியார் அக்கழகத்திற் சேர வேண்டியபோது, பெண் என்னும் காரணத்தால் முதலில் மறுத்தார். அவர் விடாது நின்றமையால் சோதனையாகச் சில கட்டுப்பாடுகளோடு சேர்த்துக்கொண்டார். அம்மாணவியார் 1939இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். மணலின் கோலத்தில் உண்மையை விரைந்து கண்ட கண், அருகில் நின்ற அறிவை உடனே காணவில்லை. இக்கல்லூரியில் எம்முடன் பயிலும் சகோதரிகள் இதனை அறிதல் நன்று.

1970ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் அவர் தம் ஆராய்ச்சி நிலையத்திலேயே உயிர் நீத்தார். அவர் பேணி வளர்த்த அந்நிலையத்துச் சோலையிலேயே அவர் உடல் எரியூட்டப்பெற்றது.

இக்காலத்து ஒலிக் கருவிகள்

இராமன் மணலிலும் ஒளிப்படத்திலும் கண்டதை இன்று கைப்பேசி நொடிப்பொழுதிற் காட்டுவது எங்ஙனம்? பூரியேயின் முறையைக் கணிப்பொறிக்கு ஏற்றவாறு விரைவுபடுத்தும் வழியைக் கூலி, டூக்கி என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1965இல் வெளியிட்டனர். ஓர் ஒலியின் 1024 அளவுகளைப் பழைய முறையிற் பகுக்கப் பத்து லட்சத்திற்கு மேற்பட்ட பெருக்கல்கள் வேண்டும். புதிய முறையிலோ ஏறத்தாழப் பத்தாயிரமே போதும். நூறு நாள் வேலை ஒரு நாளில் முடிவது போன்றது இது.

இதன் பயன் எங்கும் பரந்துளது. 1982இல் விற்பனைக்கு வந்த இசைத்தட்டுகள், நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எண்களாகப் பதிவன. மாந்தர் செவி கேட்கும் உச்ச எல்லை ஏறத்தாழ 20,000 அதிர்வு ஆதலின், அதனின் இருமடிக்குச் சிறிது மிகையாக அவ்வெண் வகுக்கப்பட்டது. அவ்வெண்களை அதிர்வெண் வாரியாகப் பகுத்து, வலிய ஒலியால் மறைக்கப்பட்டுச் செவிக்கெட்டாத மெல்லொலிகளை நீக்கிவிட்டால், பாட்டு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். எம்.பி.3 என வழங்கும் முறை அதுவே. பழைய இசைப்பதிவின் இரைச்சலை நீக்குவதும், தாழ்ந்த சுரத்தை உயர்த்துவதும், சுருதி சேர்ந்ததா எனக் காட்டுவதும், தெருவில் ஒலிக்கும் பாட்டின் பெயரைக் கைப்பேசி கூறுவதும் இப்பகுப்பைத் துணைக்கொண்டே நிகழ்கின்றன. நம் நாட்டிசையையும் இம்முறையால் ஆராய, பார்சலோனா நகரத்துப் பல்கலைக் கழகமொன்று 2011இல் தொடங்கிய பணியில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரும் பங்குகொண்டனர். இராமன் இட்ட விதை முளைத்துக்கொண்டே வருகின்றது.

முடிவுரை

இவ்வளவும் கற்றபின் எம் நெஞ்சில் ஒரு குறை நின்றது. பூரியேயின் பெயரை அறிந்தோம். ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெயரை அறிந்தோம். இராமனின் பெயரை உலகறியும். ஆயின் தோலில் முதன்முதல் சாந்து பூசி, தட்டித் தட்டிக் கேட்டு, ஒன்பதை ஐந்தாக்கிய கைவினைஞர் யார்? சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பாடங்கேட்டபொழுது, தண்ணுமை முழக்கும் ஆசிரியன் அமைதியை யாம் மனப்பாடம் செய்தோம். அத்தண்ணுமையைச் செய்தவனைப் பற்றி எண்ணிற்றிலேம். தோற்றொழில் செய்வோரைத் தொடாது ஒதுக்கிய சமூகம், அவர்கள் செய்த மிருதங்கத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டது. தஞ்சை முதலிய இடங்களில் இத்தொழிலைப் பரம்பரையாகச் செய்துவரும் குடும்பங்கள் பல, அவ்வாறு ஒதுக்கப்பட்ட கிறித்தவக் குடும்பங்களே. அவர்தம் வாழ்வைப் பற்றி இசைவாணர் டி. எம். கிருஷ்ணா 2020இல் ஒரு நூல் எழுதியது, காலந்தாழ்ந்து செலுத்திய கடனாகும்.

தொண்டூருக்கு வந்த அம்முதியவர் பெற்ற கூலி மிகச் சிறிது. அவர் எழுந்து செல்லும்போது எங்கள் வீட்டார் வழக்கப்படி அவரைத் திண்ணையோடே அனுப்பிவிட்டனர், யாமும் வாளாவிருந்தோம். ஏணிப்படியெனத் திரையில் நின்ற அம்முகடுகள் ஒவ்வொன்றும் இன்று எம்மை நோக்கி, அவரை ஏன் உள்ளே அழைத்திலிர் என்று வினவுவன போலும். வருகின்ற விடுமுறையில் யாம் அவர் இல்லத்தைத் தேடிச் செல்வோம். இராமன் கண்ட உண்மையைத் தமிழில் அவர்க்கு எடுத்துரைப்போம். அவர் செவி கண்ட உண்மையை அவரிடத்துக் கேட்டு எழுதிக்கொள்வோம். அறிவுடையார் அறிவதைக் கையுடையார்க்கும், கையுடையார் அறிவதை அறிவுடையார்க்கும் எடுத்துச் செல்லும் பாலமாகத் தமிழ் கற்றார் விளங்குவரேல், நாம் கற்ற கல்வி வீண்போகாது.